ரிஜெக்ட் ஆன சிங்கம்

என் மகன் ஒரு தோல் துண்டின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடும் வீடியோவைப் பார்த்தபோது என் வாயில் சோறு இருந்தது. கம்பெனி கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் போனை என் பக்கம் திருப்பி, "அக்கா, இது உங்க பையன் மாதிரி இருக்குதே" என்றாள்.

மாதிரி இல்லை, அவனேதான். நான் அயர்ன் செய்து கொடுத்த நீலச் சட்டை. டீக்கடை ஸ்டூல் ஒன்றின்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு தோல் துண்டை வைத்திருந்தார்கள். அவன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு மண்ணில் படுத்தான். பின்னால் ஒரு குரல், "நல்லா படுறா, நெத்தி தரையில படணும்" என்றது. சிரிப்புச் சத்தம். வீடியோ முடிந்து, தானாகவே மறுபடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. எனக்குச் சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்தத் துண்டு எனக்குத் தெரிந்த துண்டு. எங்கள் கம்பெனியில் செய்து, எங்கள் கம்பெனியிலேயே ரிஜெக்ட் ஆனது. படத்தில் ஒரு நொடி அதைக் கிட்டத்தில் காட்டினார்கள். ஓரத்தில் அடித்த கறுப்புச் சாயம், நடுவில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம், அதன் தலைக்கு மேலே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் போட்டது என் செக்‌ஷன்.

நான் சரித்திரம் படித்தவள். இந்தப் பக்கம் சரித்திரம் படித்தவர்களுக்குக் கிடைக்கிற வேலை, ஷூவின் தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் ஹைவேயை ஒட்டி எங்கள் ஊர். கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். குவாலிட்டி செக்‌ஷனில் சேர்ந்து, மெல்ல மெல்ல அதற்குப் பொறுப்பாளராக ஆனேன். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆண்கள் பூட்ஸ் ஆர்டர் வந்தபோது, லேஸுக்கு அடியில் வரும் அதன் நாக்கில் தைக்க வேண்டிய பேட்ச் என் மேஜைக்கு வந்தது. கேடய வடிவத்தில் கோடு, அதற்குள் சிங்கம். எழுத்து எதுவும் கிடையாது.

அதோடு ஒரு தாளும் வந்தது. எந்தத் தடிமனில் தோல், எவ்வளவு ஆழத்தில் அச்சு என்பதெல்லாம் எழுதியிருந்த தாளில், ஏனோ அந்தச் சின்னத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஆசை கூடி, போனில் தேடி இன்னும் படித்தேன். ஐரோப்பாவில் குதிரையேறிச் சண்டை போட்டவர்கள் தலை முழுக்க இரும்புக்குள் மறைத்துக்கொண்டார்களாம். முகம் தெரியாது. யாரை வெட்டுகிறோம், யாரைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிய வேண்டுமே. அதற்காகக் கேடயத்தில் படம் எழுதினார்கள். சிங்கம், கழுகு, பன்றி, வெறும் பட்டை. பிறகு சண்டை நின்றுவிட்டது, படம் நிற்கவில்லை. அப்பாவின் படம் மூத்த மகனுக்கு அப்படியே போனது. இளையவன் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு மூலையில் சின்னதாக வேறு குறி சேர்க்க வேண்டும். கடிதத்தின் அரக்கில், வீட்டுக் கதவில், சாப்பிடும் கரண்டியில், கடைசியில் கல்லறையில் என்று எல்லா இடத்திலும் அது ஏறிக்கொண்டது. ஒருவனுடைய சின்னத்தை இன்னொருவன் போட்டால் வழக்கு நடந்திருக்கிறது.

நம்முடைய புலிக்கொடி, மீன்கொடி எல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் அவை ராஜாக்களோடு முடிந்துவிட்டன என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மின்கம்பத்தில் அடித்திருக்கும் பெயின்ட்டைப் பார்த்தாலே யாருடைய ஊருக்குள் நுழைகிறோம் என்று தெரியும். பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அது கண்ணில் படுவதே இல்லை. அதற்கும் அந்தத் தாளில் இருந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சிங்கத்துக்கு வம்சம் எதுவும் இல்லை என்பதும் தேடியபோதுதான் தெரிந்தது. அந்த பூட்ஸ் கம்பெனி ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. யாரோ ஒரு டிசைனர், பழைய குடும்பத்துச் சரக்கு மாதிரி தெரியட்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த சிங்கம் அது.

அச்சு அடிக்கும் பித்தளை பிளேட்டில் படம் இடம் வலமாக மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்க வேண்டும். அப்போதுதான் தோலில் சரியாக விழும். வெளிநாட்டுக்காரர்கள் படத்தை ஏற்கெனவே திருப்பியே அனுப்பியிருந்தார்கள். எங்கள் பிளேட் செய்கிறவர் வழக்கம்போல் அதை இன்னொரு முறை திருப்பிவிட்டார். எழுத்து இருந்திருந்தால் யாருக்காவது உறைத்திருக்கும். சிங்கந்தானே, எல்லோரும் அழகாக இருக்கிறது என்றோம். மொத்த லாட்டும் அடித்து முடித்த பிறகு வாங்குகிற கம்பெனியின் ஏஜென்ட் சென்னையிலிருந்து வந்தார். ஒரு பேட்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"மேடம், இந்தச் சிங்கம் எந்தப் பக்கம் பாக்குது?"

"வலது பக்கம் சார்."

"ஷீட்ல?"

தாளை எடுத்துப் பார்த்தேன். "இடது பக்கம்."

அவர் பக்கத்தில் கிடந்த அட்டையை இடது கையில் கேடயம்போல் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்து காட்டினார். "இப்படித்தானே சண்டைக்குப் போவான்? இவன் முன்னாடி போறப்ப சிங்கமும் முன்னாடி பாக்கணும். உங்க சிங்கம் பின்னாடி பாக்குது. இது சண்டைக்குப் போகல மேடம், வீட்டுக்கு ஓடுது."

எங்கள் மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். "சிங்கம் எந்தப் பக்கம் பாத்தா இன்னா சார், சிங்கம் சிங்கந்தானே."

"அவங்க ஊர்ல இல்ல" என்றார் ஏஜென்ட்.

பூட்ஸில் தைக்கவில்லை என்பதால் தப்பித்தோம். புது பிளேட், புது பேட்ச். பழையதை என்ன செய்வது? கம்பெனிச் சின்னம் போட்ட ரிஜெக்ட் வெளியே போகக் கூடாது, ஒவ்வொன்றையும் வெட்டிச் சிதைக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொன்றாகக் கத்தரித்தால் எப்போது முடியும்? மேனேஜர், "ஆளாளுக்குக் கத்திரி எடுத்தா பேஜார். ஒரு ஓட்டை போட்டு விடுங்கம்மா. ஓட்டை போட்டா செல்லாது" என்றார். ஷூவில் லேஸ் ஓட்டை போடும் ஐலெட் மெஷினில் எங்கள் பெண்கள் உட்கார்ந்து, சிங்கத்தின் தலைக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் ஆளுக்கொரு ஓட்டையாகப் போட்டுத் தள்ளினார்கள். அங்கேதான் மெஷினில் வாகாக உட்கார்ந்தது. மூட்டைகள் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்து, கழிவுத் தோலோடு கழிவுத் தோலாகப் போய்விட்டன.

ஓட்டை போட்டால் செல்லாது என்று நினைத்தோம். ஓட்டை இருந்ததால்தான் அதில் வளையம் மாட்ட முடிந்தது.

முதலில் எங்கள் கம்பெனி ஆட்களின் வண்டிச் சாவியில்தான் பார்த்தேன். என் மகன் பாலிடெக்னிக் சேர்ந்தபோது அவன் அப்பா வாங்கிக் கொடுத்த பழைய பைக்கின் சாவியிலும் ஒன்று தொங்கியது. அது வீட்டில் கிடந்தது, அவனே எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்தது. அதன் பிறகு, எந்த ஊர்க் கூட்டமோ, ஒரு சாதிச் சங்கத்தின் விழாவுக்கு மூட்டையோடு வாங்கி, விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து அது வேறு ஒன்றாக ஆகிவிட்டது.

சில மாதங்களில் பைக் நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கராக வந்தது. பிறகு பனியனில், கல்யாண பேனரில், காதுகுத்து பேனரில். பிரின்டிங் கடையில் சாவிக்கொத்தைப் போட்டோ எடுத்து அப்படியே போட்டிருக்கிறார்கள். அதனால் சிங்கத்தின் தலைக்கு மேலே அந்த ஓட்டையும் வெள்ளையாக, வட்டமாக விழுந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அதற்கு விளக்கமும் வந்தது: அது பௌர்ணமி நிலாவாம். அவர்கள் சந்திர குலமாம். சிங்கம் ஏன் பின்னால் பார்க்கிறது? தன்னை நம்பி வரும் மக்களைத் திரும்பிப் பார்த்துக் காவல் காக்கிறதாம். அவர்களுடைய முன்னோர் போருக்குப் போகும்போது பிடித்த கொடியாம் அது.

என் மகன் சமையலறை வாசலில் நின்று அதை எனக்குப் படித்துக் காட்டினான். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

"ம்மா, உங்க ஐலெட் மெஷின்தான் பௌர்ணமி நிலா."

"சரி சரி, சிரிச்சது போதும். சாவிலருந்து அதை எடுத்துடு. எதுக்கு வம்பு?"

"நான் ஏன் எடுக்கணும்? அவங்களுதா இது? நம்ம ரிஜெக்ட் லாட்டு."

அவன் சொன்னது நியாயம். நான் சொன்னதும் நியாயம். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம், கலவை என்ற ஊரில் அவன் நண்பனின் அக்காவுக்குக் கல்யாணம். விடிந்ததும் பைக்கில் போனான். மதியத்துக்கு மேல் திரும்பி வந்தபோது நெற்றி தோல் உரிந்திருந்தது. சட்டையெல்லாம் மண். "பைக் ஸ்லிப் ஆயிடுச்சும்மா" என்றான். வேகமாக ஓட்டாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கத்திக்கொண்டே பஞ்சில் டெட்டால் நனைத்து அந்த மண்ணைத் துடைத்தது நான்தான். ஆற்காட்டில் எனக்கு அந்த ஊர் இனிப்பான மக்கன்பேடா வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான். எங்கே என்று கேட்டேன். "மறந்துட்டேன்" என்றான். பைக் சாவியில் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தையலில் ஒரு இழை விலகினால் கண்டுபிடிக்கிற கண் இது.

வீடியோ பார்த்த அன்று சாயந்திரம் அவனை எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன்.  அவன் அப்பாவும் கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

திரும்பி வரும்போது ஆற்காடு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறான். சாவி கையில் இருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த பையன்கள், இவனைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர்கள், சிங்கத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பையனா? வா தம்பி, உக்காரு" என்று இடம் விட்டிருக்கிறார்கள். இவன் மறுப்பதற்குள் ஒருவன் டீ சொல்லி கையில் கொடுத்துவிட்டான்.

"எந்த ஊரு?"

"ஆம்பூர் பக்கம்ணா."

"ஆம்பூர்ல எங்க? எந்தத் தெரு?"

சொன்னான். 

"அப்பா இன்னா பண்றாரு?"

"டவுன் பஸ் கண்டக்டர்."

"அத கேக்கல. நீங்க யாரு?"

என் மகனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன், நினைத்துவிட்டு என்னையே திட்டிக்கொள்கிறேன். அவன் உண்மையைச் சொன்னால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நம்பியிருக்கிறான். "அண்ணா, இது நீங்க நெனக்கிறது இல்ல. எங்கம்மா வேலை செய்யற கம்பெனி துண்டு. ரிஜெக்ட் ஆனது. ஷூவுல தைக்கறது" என்று சொல்லியிருக்கிறான்.

"இன்னாடா சொன்ன? எங்க சின்னத்த செருப்புல தைப்பீங்களா?"

அடித்தார்கள். கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக் கீழே ஊற்றினார்கள். சாவியிலிருந்து துண்டை உருவி ஸ்டூல்மேல் வைத்து, தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள். அப்புறம் நாங்கள் வீடியோவில் பார்த்தது.

"பேடா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சாப்ட்டுட்டாங்கம்மா. நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க."

நான் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

 அந்தத் துண்டு என்னவென்று எனக்குத் தெரியும். மாட்டின் வயிற்றுப் பக்கத் தோல் தொளதொளவென்று இழுபடும், ஷூவின் மேல்பாகத்துக்கு ஆகாது. அதனால் பேட்ச் மாதிரி சின்னச் சாமான்களை அதில் வெட்டுவோம். உப்புப் போட்டு, முடி ஒட்டிக்கொண்டு, நாற்றத்தோடு தோல் ஷாப்புக்குள் வந்து, சுண்ணாம்பில் ஊறி, சதை சுரண்டி, சாயத் தொட்டியில் சுழன்று வருகிற வயிற்றுத் தோல். அந்த வேலை செய்கிறவர்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் கணவர் தன் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். தோலைத் தொட்டவன் கையில் தண்ணீர் வாங்க யோசித்த அதே வீடுகளின் பிள்ளைகள், இன்று அதே தோலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். தோல் என்று தெரியாமல் இல்லை. சின்னம் விழுந்ததும் அது தோல் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் அதைச் செய்தவள் மகன் மட்டும் அவர்களுக்கு அதே பழைய ஆளாகவே இருக்கிறான்.

முகத்தை மூடிக்கொண்டு சண்டை போட்டவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. என் மகன் முகம் திறந்துதான் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்து ஒருவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாவியைப் பார்த்துத்தான் டீ கொடுத்தார்கள். சாவியைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

நானும் என் கணவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் வரிசையாக நின்ற பைக்குகளில் ஒன்றில் அந்தச் சிங்கம், நிலாவோடு. யாருடையதோ தெரியாது, பிடித்துக்கொண்டு வந்த வண்டியாகக்கூட இருக்கலாம். உள்ளே இருந்தவர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க பையன் எதுக்கும்மா அதை மாட்டிக்கிட்டுப் போனான்?"

"சாவிக்கொத்து சார்."

"அவங்களுதுன்னு தெரியுமில்ல? எந்த ஊரு நீங்க? எந்தத் தெரு? சார் இன்னா பண்றீங்க?" கொஞ்சம் நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?"

டீக்கடையில் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். என் கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "விசாரிக்கிறோம், கூப்பிடறோம்" என்றார் போலீஸ்காரர். கூப்பிடுவார்கள் என்று நாங்களும் வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பையன்கள் வந்தார்கள். நாலைந்து பேர். முன்னால் நின்றவன் என் கண் முன்னே வளர்ந்தவன், இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

"அக்கா, நம்ம பையன மண்ணுல வுழ வச்சிருக்கானுங்க. சும்மா வுடலாமா?"

"நாங்க ஸ்டேஷன் போயிட்டு வந்துட்டோம்ப்பா."

"ஸ்டேஷன் கெடக்குதுக்கா. நமக்குன்னு ஒன்னு இல்லாததாலதான் இவ்ளோ. நம்ம சின்னம் சாவில இருந்திருந்தா தொட்டிருப்பானுங்களா?"

போனை நீட்டினான். ஒரு கேடயம், அதற்குள் இறக்கை விரித்த கழுகு. பின்னால் இரண்டு கத்தி.

"எதுக்குடா கழுகு? நம்மூர்ல கழுகு எங்கடா இருக்குது?"

"இருந்துச்சேக்கா, தோல் ஷாப் பின்னாடி குப்பை மேட்டுல. சின்ன வயசுல பாத்திருக்கேன்."

"அது பருந்துடா. தோல்ல சுரண்டிப் போட்ட சவ்வு திங்க வரும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "எதுவோ ஒன்னு. நாமளும் ஆண்டவங்கதான்க்கா."

"எதை?"

"அத ஒருத்தரு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காரு."

பைத்தியக்காரத்தனம் என்று புரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, நான் அந்தச் சிங்கத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். திருப்பி வெட்டிய பிளேட், ஏஜென்ட் அட்டையைப் பிடித்து நடந்தது, வீட்டுக்கு ஓடுகிற சிங்கம், லேஸ் ஓட்டை நிலாவானது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உள்ளறையிலிருந்து என் மகனும் கதவோரம் வந்து நின்றான். வீடியோவுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்து லோடு ஆட்டோக்காரன் கேட்டான்: "அப்ப நம்முது கரெக்டா இருக்கணும்க்கா. கழுகு மூஞ்சி எந்தப் பக்கம் வரணும்? அதுக்கும் அதே ரூல்தானா?"

நான் எழுந்துவிட்டேன்.

"அவனுங்க சிங்கம் ஓடுது. நம்ம கழுகு பாயணும். உங்க மெஷின்ல அடிச்சுக் குடுங்கக்கா, நல்ல தோல்ல."

"என் மெஷின்ல ஒரு மயிரும் அடிக்க முடியாது. வெளிய போங்கடா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. அவர்கள் கோபப்படவில்லை. "அக்கா பயத்துல இருக்காங்க" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். என் மகன் அவர்களை வழியனுப்பத் தெருமுனைவரை போனான்.

மழை ஆரம்பித்த சமயத்தில் கழுகு வந்துவிட்டது. முதலில் லோடு ஆட்டோவின் கண்ணாடியில். பிறகு எங்கள் தெரு முனையிலிருக்கும் மின்கம்பத்தில், பழைய பெயின்ட்டின்மேல். எங்களுக்கும் சிங்கம் வைத்திருக்கும் பக்கத்து ஊருக்கும் பொதுவான பஸ் நிறுத்தத்தில் ஒரு சுவரில் சிங்கமும் எதிர்ச் சுவரில் கழுகும். நடுவில் நின்று நாங்கள் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிறோம். சிங்கத்தின்மேல் யாரோ வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். மறுநாள் கழுகின்மேல் சாணி. எந்த நாளும் இரண்டில் ஒன்று நாறுகிறது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளை செய்தது என்று தெரிந்தும் பேசாமல், ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறோம்.

போன வாரம் துணி துவைக்க எடுத்தபோது என் மகனின் சட்டைப் பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. கழுகு. உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று மனசு சொன்னது, கண் கேட்கவில்லை. நல்ல முதுகுத் தோல். அச்சின் ஆழம் நாலு மூலையிலும் ஒன்றுபோல் இருந்தது. ஓரச் சாயம் வழியவில்லை. கழுகின் முகம் இடது பக்கம், ஷீட்டில் சொன்னபடி. ஓட்டை இல்லை, பின்னால் ஊக்கு வைத்துத் தைத்திருந்தது, தையல் நேராக. எந்தக் கம்பெனியில், யார் அடித்துக் கொடுத்தார்களோ தெரியாது, ஆனால் வேலை தெரிந்த கை. என் மேஜைக்கு வந்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பேன். அப்படித் தோன்றியதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

அவன் கல்லூரியிலிருந்து வந்ததும் மேஜைமேல் வைத்தேன்.

"இது இன்னா?"

"குடுத்தாங்க."

"குத்திக்கிறியா?"

"இல்லம்மா. பாக்கெட்லதான் இருக்கும்."

"அப்ப எதுக்கு?"

அவன் செருப்பைக் கழற்றியபடியே, பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "நம்ம ஆளுங்க நிறுத்தினா காட்டணும். அவங்க நிறுத்தினா மறைக்கணும். பாக்கெட்னா ரெண்டுக்கும் ஈஸி."

"ரெண்டும் இல்லாம போக முடியாதா?"

"எந்த ரோட்டுல போகட்டும், சொல்லு?"

கோபமில்லாமல்தான் கேட்டான்.  நான் தையல் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்து அந்தக் கழுகை வெட்டினேன். நல்ல தோல், சுலபத்தில் வெட்டுப்படவில்லை. கட்டை விரலில் வலி எடுத்தது. கழுத்து, இறக்கை, கத்தி என்று துண்டு துண்டாக, அன்றைக்கு அந்தச் சிங்கங்களை வெட்டியிருக்க வேண்டிய மாதிரி வெட்டிக் குப்பையில் போட்டேன். அவன் தடுக்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தான்.

"வெட்டும்மா. கேட்டா இன்னொன்னு குடுப்பாங்க."

இப்போது தினமும் காலையில் அவன் கிளம்பும்போது நான் வாசலில் நிற்கிறேன். கம்பெனி கேட்டில் வெளியே வரும்போது எங்களைத் தடவிப் பார்ப்பார்களே, அதுபோல். அவனுக்கு அது தெரியும். நான் கேட்பதற்கு முன்பே இரண்டு பாக்கெட்டையும் உள்துணி வெளியே தெரியும்படி இழுத்துக் காட்டுகிறான். சாவியில் சணல் கயிறு. பையைத் திறந்து காட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவனும் திறப்பதில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறான், முகம் மறைகிறது. "வர்றேம்மா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது.

அவன் படிக்கும் இடம் வேலூரில் பாகாயம் தாண்டி. போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேனில் ஏறி, லைனில் உட்கார்ந்து, முதல் ஷூவைக் கையில் எடுத்த பிறகுதான் போன் அடிக்கும். "வந்துட்டேம்மா" என்பான். அதற்கு அப்புறம்தான் டப்பாவைத் திறந்து காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன்.